67,46,32,83,88,800: ஓர் எண்ணைப் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழின் கேள்வி–பதில் பகுதியில், கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1915ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு கட்டுரையைப் பற்றிப் பேசும்போது, அதன் அட்டவணையில் கடைசியாக நிற்கும் எண் 67,46,32,83,88,800 என்று ஒரு வரி எழுதியிருந்தேன். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கின்றன. எனவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அந்த எண்ணுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுத்தால் எழுதிப் பார்க்க விரும்புவோருக்கு: ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு.

கேள்வி: பதின்மூன்று இலக்க எண்கள் கோடி கோடியாக இருக்கும்போது, இந்த ஓர் எண்ணை மட்டும் தனியே எடுத்துச் சொல்வதற்கு என்ன இருக்கிறது?
— காரைக்குடி வாசகர் ஒருவர்

இந்த எண்ணின் சிறப்பு அதன் பருமனில் இல்லை. அது எத்தனை விதமாக மீதமின்றிப் பிரிகிறது என்பதில் இருக்கிறது. ஓர் எண்ணை மீதி வராமல் வகுக்கும் எண்களை அதன் காரணிகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 12 என்ற எண்ணுக்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள் உண்டு. அதற்கு அடுத்த 13க்கோ 1, 13 என்ற இரண்டே காரணிகள். 1 முதல் வரிசையாக எண்ணிக்கொண்டு போகும்போது, தனக்கு முன்னால் வந்த எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளோடு ஓர் எண் வந்து நிற்குமானால், அத்தகைய எண்ணை இராமானுஜன் தனி வகையாகக் கொண்டு ஆராய்ந்தார். தமிழில் அதை உயர்பகு எண் என்று சொல்லலாம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அந்த வரிசை தொடங்குகிறது. 60க்கு 12 காரணிகள். 60க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் 12 காரணிகள் கிடையாது. மணிக்கு 60 நிமிடம் என்றும் வட்டத்துக்கு 360 பாகை என்றும் நாம் இன்றும் வைத்துக்கொண்டிருப்பதன் வசதி இதில்தான் அடங்கியிருக்கிறது.

நம் எண்ணைப் பகா எண்களாகப் பிரித்து எழுதினால் இப்படி வரும்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

இதன் காரணிகளை ஒவ்வொன்றாக எழுதி எண்ண வேண்டியதில்லை. எந்தக் காரணியும் இந்தப் பகா எண்களிலிருந்து சிலவற்றைப் பொறுக்கி எடுத்துப் பெருக்கியதாகவே இருக்கும். 2ஐ ஒரு முறையும் எடுக்காமல் விடலாம், ஒரு முறை எடுக்கலாம், அப்படியே ஆறு முறை வரை எடுக்கலாம்; ஆக 7 வழிகள். 3ஐ எடுப்பதற்கு 5 வழிகள், 5க்கும் 7க்கும் மும்மூன்று வழிகள், மீதமுள்ள ஐந்து பகா எண்களுக்கும் எடுப்பது அல்லது விடுவது என்று இரண்டிரண்டு வழிகள். எல்லாவற்றையும் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080 காரணிகள். இந்தப் பருமனுள்ள எண்களுக்குச் சராசரி பார்த்தால் ஓர் எண்ணுக்குச் சுமார் 30 காரணிகள்தாம் தேறும். சராசரி 30 இருக்கும் இடத்தில் ஒன்று 10,080 காரணிகளோடு நிற்கிறது, அதைவிடச் சிறிய எந்த எண்ணும் அந்த அளவை எட்டவில்லை என்பதே இதைத் தனியே எடுத்துச் சொல்வதற்குக் காரணம். பகா எண்ணிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்க முடியுமோ அவ்வளவு தூரம் விலகி நிற்பவை இவ்வகை எண்கள் என்று, இராமானுஜனை இங்கிலாந்துக்கு வரவழைத்த கணித அறிஞர் ஹார்டி சொன்னது மிகப் பொருத்தமான விளக்கம்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு மாணவி. கால்குலேட்டர் இல்லாமல், இந்த எண் 7, 11, 13 ஆகியவற்றால் வகுபடும் என்பதை எப்படிச் சரிபார்ப்பது?
— தேவகோட்டை

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய் அம்மா. இதற்கு மிக அழகான வழி ஒன்று உண்டு. 7 × 11 × 13 = 1001. இந்த 1001, ஆயிரத்தைவிட ஒன்றே ஒன்று கூடுதல் என்பதால், ஓர் எண்ணை வலப்புறமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, அந்தத் துண்டுகளை மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் பார்த்து, விடை பூச்சியமாகவோ 1001இன் மடங்காகவோ வந்தால் மூல எண்ணும் 1001ஆல் வகுபடும் என்று அறியலாம். இங்கே லட்சம், கோடி என்று காற்புள்ளி இட்டதை மறந்துவிட்டு மும்மூன்றாகப் பிரி: 6, 746, 328, 388, 800. இப்போது வலமிருந்து தொடங்கு.

800 − 388 = 412
412 + 328 = 740
740 − 746 = −6
−6 + 6 = 0

சரியாகப் பூச்சியம். ஆகவே இந்த எண் 7, 11, 13 மூன்றாலும் ஒருசேர வகுபடுகிறது. இன்னொன்றையும் பார்த்துவிடு: இலக்கங்களைக் கூட்டினால் 6+7+4+6+3+2+8+3+8+8+8+0+0 = 63; அது 9இன் மடங்கு, எனவே எண்ணும் 9ஆல் வகுபடும். கடைசியில் இரண்டு பூச்சியங்கள் மட்டும் இருப்பதற்குக் காரணம், பகாக் காரணிகளில் 5 இரண்டே முறை வருவதுதான்.

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டின் பொதுச் செலவைப் பங்காளிகள் பிரித்துக்கொள்ளும்போது, ஒவ்வொரு முறையும் மிச்சமாகச் சில ரூபாய் நின்று கணக்கைக் குழப்புகிறது. பிள்ளைகள் தலையெடுக்கத் தலையெடுக்கப் பங்குகளின் எண்ணிக்கையும் மாறிக்கொண்டே இருக்கிறது. எத்தனை பேர் வந்தாலும் மிச்சமில்லாமல் பிரியும் தொகை என்று ஒன்று உண்டா? நீங்கள் சொன்ன எண் அப்படிப்பட்டதா?
— கானாடுகாத்தான் வாசகர்

எத்தனை பேர் வந்தாலும் என்று எல்லையில்லாமல் கேட்டால், அப்படி ஒரு தொகை இருக்க முடியாது. தொகையைவிடப் பங்காளிகள் ஒருவர் கூடினாலே அது முழு ரூபாயாகப் பிரியாது. ஆனால் ஓர் எல்லை வரை என்று கேட்டால் விடை உண்டு. இந்த எண் 1 முதல் 28 வரை எந்த எண்ணாலும் மீதமின்றி வகுபடும். 25க்கு வேண்டிய இரண்டு 5களும் 27க்கு வேண்டிய மூன்று 3களும் இதனுள் இருக்கின்றன. 16க்கு வேண்டிய நான்கு 2களும் இருக்கின்றன. தடுக்கி விழும் இடம் 29. அது பகா எண். நம் எண்ணின் பகாக் காரணிகளில் அது இல்லை. வகுத்தால் 26 மிச்சம் வரும். 30 பேர் என்றால் மறுபடியும் சரியாகப் பிரியும், 31 என்றால் பிரியாது, 32 முதல் 36 வரை பிரியும், 37 பிரியாது.

ஆனால் 1 முதல் 28 வரை எல்லாப் பங்குக்கும் பிரிய வேண்டும் என்பது மட்டுமே உங்கள் தேவையானால், அதற்கு இவ்வளவு பெரிய எண் வேண்டியதில்லை. 80,31,34,33,200 போதும், அதுவே மிகச் சிறியது. நம் எண் அதைப்போல 84 மடங்கு. இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். குறிப்பிட்ட எண்களாலெல்லாம் வகுபடும் மிகச் சிறிய எண் எது என்பது ஒரு கேள்வி. அதற்கு மீச்சிறு பொது மடங்கு என்று பெயர். எந்தெந்த எண்களால் என்று நிபந்தனை வைக்காமல், மொத்தத்தில் மிக அதிகமான எண்களால் வகுபடுவது எது என்பது வேறு கேள்வி. இராமானுஜன் ஆராய்ந்தது இரண்டாவதை. முதல் கேள்விக்கு ஒரு பள்ளி மாணவரே விடை கண்டுவிடலாம். இரண்டாவது கேள்வி எண் கோட்பாட்டின் ஆழத்துக்குக் கொண்டுபோகிறது.

கேள்வி: இதைவிடச் சிறிய எண் எதற்கும் 10,080 காரணிகள் இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடிகிறது? ஆறு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட எண்களை ஒவ்வொன்றாக யாரும் சோதித்திருக்க முடியாதே!
— பள்ளத்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, இந்த மாதம் வந்த கடிதங்களில் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான கேள்வி தங்களுடையது. ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதில்லை என்பதே இந்த எண்களின் அமைப்பு நமக்குத் தரும் பெரிய உதவி.

பகாக் காரணிகளுக்கு மேலே எழுதிய அடுக்குகளைப் பாருங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. இவை எங்கேயும் ஏறவில்லை. சமமாக நிற்கின்றன அல்லது இறங்குகின்றன. அது தற்செயல் அன்று. காரணிகளின் எண்ணிக்கை அடுக்குகளைப் பொறுத்ததே தவிர, அந்த அடுக்கு எந்தப் பகா எண்ணின் தலைமேல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அன்று. 2க்கு 4, 3க்கு 6 என்று இரண்டையும் இடம் மாற்றினால் காரணிகள் அதே 10,080தான். ஆனால் எண்ணின் மதிப்பு இரண்டே கால் மடங்காகிவிடும். ஆகவே பெரிய அடுக்கைச் சிறிய பகா எண்ணின் மேல் வைப்பதே சிக்கனம். அதே காரணத்தால் இடையில் எந்தப் பகா எண்ணையும் தாண்டிப் போகவும் கூடாது: 23ஐ விட்டுவிட்டு 29ஐ எடுத்தால் எண் பெரிதாகும், காரணிகளின் எண்ணிக்கை அதிகரிக்காது. இன்னொரு விதியையும் இராமானுஜன் நிறுவினார். கடைசியாக வரும் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1தான். விதிவிலக்கு 4, 36 என்ற இரண்டே எண்கள்.

இத்தனை கட்டுப்பாடுகளுக்கும் பிறகு மிஞ்சும் எண்கள் மிகச் சிலவே. மேலும், முதல் 12 பகா எண்களை (2 முதல் 37 வரை) ஒரு முறை பெருக்கினாலே 74,20,73,81,34,810 வந்து, நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆகவே போட்டிக்கு வரக்கூடிய எண் எதுவானாலும் அதில் அதிகபட்சம் 11 பகா எண்கள், அதாவது 31 வரைதான், இருக்க முடியும். 6, 4, 2, 2 போன்ற இறங்கு வரிசைகளை மட்டும் எழுதிச் சரிபார்த்தால் போதும்.

இரண்டு போட்டியாளர்களை நாமே நிறுத்திப் பார்க்கலாம். நம் எண்ணிலிருந்து 23ஐ எடுத்துவிட்டு, அதற்குப் பதில் அதைவிடச் சிறிய 16ஐ, அதாவது நான்கு 2களைச் சேர்ப்போம். எண் சிறிதாகிவிட்டது. ஆனால் காரணிகள்? 23 போனதால் 10,080 பாதியாகி 5,040 ஆகும்; 2இன் அடுக்கு 6லிருந்து 10 ஆனதால் 7 வழிகள் 11 வழிகளாகும்; 5,040 × 11 ÷ 7 = 7,920. தோற்றுவிட்டது. இரண்டாவது போட்டியாளர் இன்னும் நெருங்கி வருகிறார். ஒரு 2, ஒரு 3, ஒரு 5 மூன்றையும் எடுத்துவிடுவோம். எண்ணை 30ஆல் வகுத்ததாயிற்று. அதற்குப் பதில் 29ஆல் பெருக்குவோம். இப்போது அடுக்குகள் 5, 3, 1, 2, 1, 1, 1, 1, 1, 1. காரணிகள் 6 × 4 × 2 × 3 × 64 = 9,216. முப்பதில் ஒரு பங்கு மட்டுமே சிறிய எண். காரணிகளில் 864 குறைந்துவிட்டது. (இதில் 5இன் அடுக்கைவிட 7இன் அடுக்கு ஏறியிருப்பதைக் கவனியுங்கள், இறங்குவரிசை விதியை இது மீறுவதால், இது உயர்பகு எண்ணாக இருக்க முடியாது என்பது கணக்கிடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.) இப்படியே மற்ற இறங்கு வரிசைகளும் ஒவ்வொன்றாக விழுந்துவிடுகின்றன.

கேள்வி: இராமானுஜனின் அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப்போனது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
— கோட்டையூர் கல்லூரி மாணவர்

உண்மைதான். லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் 1915இல் வெளிவந்த கட்டுரையில் 102 உயர்பகு எண்களை இராமானுஜன் பட்டியலிட்டார். அதில் 2,40,94,02,99,600 (காரணிகள் 4,800) என்ற எண்ணுக்கும் 3,21,25,37,32,800 (காரணிகள் 5,376) என்ற எண்ணுக்கும் நடுவில் 2,93,31,86,25,600 என்ற எண் இருந்திருக்க வேண்டும். அதற்குக் காரணிகள் 5,040. அந்த ஓர் எண் மட்டும் விடுபட்டது.

விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கிப் பாருங்கள்: 67,46,32,83,88,800. அட்டவணையின் கடைசி எண்ணேதான். விடுபட்ட எண்ணின் அமைப்பு 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. அதோடு 23ஐச் சேர்த்தால் நம் எண். 23 ஒன்று சேர்வதால் காரணிகள் 5,040இலிருந்து சரியாக இரு மடங்காகி 10,080 ஆகின்றன.

கணிப்பொறி கனவிலும் இல்லாத காலத்தில், பன்னிரண்டு, பதின்மூன்று இலக்க எண்களைக் காகிதத்தில் தேடிப் பிடித்து வரிசைப்படுத்திய ஒருவரின் 102 எண்களில் தவறான எண் ஒன்றும் இல்லை, விடுபட்டது ஒன்றே ஒன்று என்றால், அந்த உழைப்பின் முன்னால் நாம் தலைவணங்கத்தான் வேண்டும். அதுவும் அட்டவணை அந்தக் கட்டுரையில் ஒரு சிறு பகுதி மட்டுமே. அடுக்குகள் எப்படி இறங்குகின்றன என்பதைப் பற்றிய தேற்றங்களே அதன் உயிர். இந்த ஆய்வுக்காகத்தான் 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சியின் வழியாக பி.ஏ. பட்டம் வழங்கியது.

5,040 என்ற எண்ணும் ஓர் உயர்பகு எண் என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன். கிரேக்க அறிஞர் பிளேட்டோ தாம் கற்பனை செய்த நகரத்தில் 5,040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம், நிலம் பிரிப்பதற்கும் வரி பிரிப்பதற்கும் அந்த எண் 1 முதல் 10 வரை எதனாலும் வகுபடுகிறது என்பதுதான்.

கேள்வி: எங்கள் ஐயா திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்துவிட்டுக் கிட்டங்கியில் பெட்டியடியாகச் சேர்ந்தவர். முந்திரி, கீழ்முந்திரி, இம்மி என்று வாயாலேயே கணக்குப் பார்ப்பார். இம்மி என்பது 10,75,200இல் ஒரு பங்கு என்கிறார்கள். அதுவும் நீங்கள் சொல்லும் வகையைச் சேர்ந்த எண்தானா?
— புதுவயல் வாசகி

இல்லை, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய எண்தான். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. 320 என்பது 2⁶ × 5. நம் பெரிய எண்ணில் 2 சரியாக ஆறு முறை இருப்பதால், அதை 320ஆல் மீதமின்றி வகுக்கலாம், 21,08,22,76,215 வரும். முந்திரியில் முந்திரி கீழ்முந்திரி. அது 1,02,400இல் ஒரு பங்கு. இதில் 2 பன்னிரண்டு முறை வருகிறது, எனவே நம் எண் அதனால் வகுபடாது. இம்மியின் 10,75,200 என்பது 2¹¹ × 3 × 5² × 7. அதற்கு 144 காரணிகள். அதே பருமனில் இருக்கும் உயர்பகு எண் 10,81,080. அதற்கு 256 காரணிகள்.

ஏன் இந்த வேறுபாடு? நம் பழைய கீழ்வாய் இலக்கம், அதாவது பின்னக் கணக்கு, பெரும்பாலும் பாதி, காலில் பாதி, அதிலும் பாதி என்று இரண்டாக மடிந்து மடிந்து இறங்கிய முறை. காணி 80இல் ஒன்று, அரைக்காணி 160இல் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. கையால் அளந்து பிரிப்பவருக்கு அதுவே இயல்பானது. அதனால் 2இன் அடுக்கு மளமளவென்று ஏறிவிடுகிறது. இம்மிக்கு வரும்போதுதான் 3உம் 7உம் உள்ளே வருகின்றன. இம்மியில் 22இல் ஒரு பங்கான மும்மியில்தான் 11 வருகிறது. உயர்பகு எண்களோ 2ஐ அளவோடு நிறுத்திக்கொண்டு மற்றப் பகா எண்களுக்கும் இடம் கொடுப்பவை. ஒன்றைவிட மற்றது உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை.

தங்கள் ஐயா எழுதிய பேரேட்டில் ரூபாய், அணா, பை என்று மூன்று பத்திகள் இருந்திருக்கும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஆக ரூபாய்க்கு 192 பை. 192க்கு 14 காரணிகள். 1957 ஏப்ரல் 1 முதல் வந்த 100 காசுக்கு 9 காரணிகளே. ஒரு ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் அன்று ஆளுக்கு 5 அணா 4 பை என்று துல்லியமாகப் பிரியும். இன்று 33 காசு போக ஒரு காசு மிஞ்சும். தசம முறையின் வசதி பெரிது என்பதில் ஐயமில்லை, ஆனால் அதற்கு நாம் கொடுத்த விலை அந்த 3 என்ற காரணி.

கேள்வி: இந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டினாலோ கழித்தாலோ பகா எண் கிடைக்குமா?
— செட்டிநாடு

அப்படிக் கணக்கில்லாமல் முடிவு செய்யக் கூடாது. ஒன்று கூட்டினாலும் கழித்தாலும், 2 முதல் 28 வரை எந்த எண்ணாலும் அது வகுபடாது என்பது மட்டும் உறுதி. ஆனால் ஒன்று குறைந்த எண்ணைப் பாருங்கள்: 67,46,32,83,88,799 = 53 × 1,27,28,92,14,883. சிறிய பகா எண்கள் வகுக்கவில்லை என்பதற்காகப் பெரியவை விட்டுவிடும் என்று நம்ப முடியாது.

கேள்வி: காரணிகள் எத்தனை என்று மட்டும் பேசுகிறீர்களே, அவற்றைக் கூட்டினால் என்ன வரும்? அதில் ஏதேனும் பொருள் உண்டா?
— காரைக்குடி, கணித முதுகலை மாணவி

எண்ணையும் சேர்த்து 10,080 காரணிகளையும் கூட்டினால் 3,94,13,83,23,53,280 வரும். அது மூல எண்ணைப்போல ஏறத்தாழ 5.84 மடங்கு. 6, 28 போன்ற செவ்விய எண்களுக்கு இந்த மடங்கு சரியாக 2 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதில் பொருள் உண்டு, அதுவும் மிகப் பெரிய பொருள். காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணைப்போல எத்தனை மடங்கு வரை ஏற முடியும் என்பதற்கு ஒரு மேல்வரம்பு சொல்லப்பட்டிருக்கிறது. எண்ணின் இயல் மடக்கை எடுத்து, அதற்கு மறுபடியும் இயல் மடக்கை எடுத்து, அதை 1.781 என்ற மாறிலியால் பெருக்கினால் அந்த வரம்பு கிடைக்கும். நம் எண்ணுக்கு அது ஏறத்தாழ 6.03. 5.84 அதற்குள் அடங்குகிறது, ஆனால் நெருங்கி நிற்கிறது. 5,040ஐவிடப் பெரிய எல்லா எண்களும் இந்த வரம்புக்குள் அடங்கும் என்று நிரூபிப்பதும், பகா எண்களின் பரவலைப் பற்றிய, கணிதத்தின் தீராத பெருங்கேள்வியாகிய ரீமான் கருதுகோளை நிரூபிப்பதும் ஒன்றே என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் கி ரோபன் 1984இல் நிறுவினார். வரம்பை மீறக்கூடிய எண் இருக்குமானால், அது ஏராளமான காரணிகளைத் தன்னுள் அடக்கிய இத்தகைய எண்களின் கூட்டத்தில்தான் ஒளிந்திருக்க வேண்டும்.

இராமானுஜன் ரீமான் கருதுகோளை ஏற்றுக்கொண்டு இத்தகைய வரம்புகளை 1915ஆம் ஆண்டுக் கட்டுரையின் பிற்பகுதியில் ஏற்கெனவே எழுதியிருந்தார். கணிதக் கழகத்தின் பண நெருக்கடியால் அந்தப் பகுதி அப்போது அச்சேறவில்லை. 1997இல், அவர் பெயரால் தொடங்கப்பட்ட ஆய்விதழின் முதல் தொகுதியில், கணித அறிஞர்கள் நிக்கோலா, ரோபன் இருவரின் குறிப்புகளோடு அது வெளிவந்தது. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பக்கங்கள் பலர் கண்ணில் படாமல் இருந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. முதுகலை மாணவியாகிய நீங்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கேள்வி: இராமானுஜனுக்கும் எங்கள் வட்டாரத்துக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?
— கோட்டையூர்

அவர் வாழ்ந்த காலத்தில் நேரடித் தொடர்பு இருந்ததாகச் சொல்ல மாட்டேன். மறைவுக்குப் பின் வந்த தொடர்பு பெரியது. உங்கள் ஊர்க்காரராகிய வள்ளல் அழகப்பச் செட்டியார் 1950களின் தொடக்கத்தில் சென்னையில் இராமானுஜன் கணித நிறுவனத்தைத் தம் பொருளில் நிறுவினார். அதன் முதல் இயக்குநர் தி. விஜயராகவன், இராமானுஜனுக்கு வழிகாட்டிய ஹார்டியிடமே ஆக்ஸ்போர்டில் பயின்றவர். அந்த நிறுவனம் பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கானாடுகாத்தான் இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் எண் கோட்பாட்டு அறிஞர் எஸ். எஸ். பிள்ளை 1941 வரை பணியாற்றியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அட்டவணையில் இதுவே கடைசி என்றீர்கள். இதற்கு அடுத்த உயர்பகு எண் எது?
— தேவகோட்டை வாசகர்

89,95,10,45,18,400. நம் எண்ணிலிருந்து ஒரு 3ஐ எடுத்துவிட்டு இரண்டு 2களைச் சேர்த்தால் அது வரும். 2இன் அடுக்கு 8, 3இன் அடுக்கு 3 ஆகிறது; 7 × 5 = 35 இருந்த இடத்தில் 9 × 4 = 36. அந்த ஒன்று கூடியதால் காரணிகள் 10,080இலிருந்து 10,368 ஆகின்றன.